குறுக்கே ஒரு கோடு

திண்டுக்கல் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் தங்கையின் கணவர் வென்டிலேட்டரில் கிடந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு செவிலியர் எங்களிடம் வந்தார். ஒல்லியான உருவம், முன்முடியில் நரை. எதை எழுதினாலும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்துவிடுவார். நானும் அங்கே நடப்பதை அப்படியே ஒரு நோட்டில் குறித்துவந்ததால் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஓர் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டார். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆக்சிஜனைச் சற்றுக் கூட்டி வைப்பதா, குறைத்து வைப்பதா என்பது கேள்வி. இரண்டும் வழக்கத்தில் உள்ளவைதான். யாருக்கு எது என்பதைக் கணினி முடிவு செய்யும் என்றார்.

அவர் முடிக்குமுன் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள். "இனி அவுகள நல்லாப் பாத்துக்குவீகள்ல தாயி?"

செவிலியர் கையெழுத்தின் குறுக்கே கோடு போட்டார். "போடாட்டியும் இதே மாதிரிதான் பாப்போம்க்கா. பயந்துக்கிட்டுப் போட்ட கையெழுத்து எனக்கு வேணாம்."

"அப்ப ரெண்டுல எது நல்லதோ அதக் குடுங்களேன்."

"அது தெரிஞ்சா ஏங்க்கா ஆய்வு பண்றோம்?"

"ஒங்க வீட்டுக்காரரா இருந்தா போடுவீகளா?"

"அத நான் சொன்னா, நீங்க எனக்காகப் போட்ருவீக."

தங்கை பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப வேணாம் தாயி."

"சரிக்கா" என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி வழியே பார்த்தேன். மாப்பிள்ளையின் வறண்ட உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பிழைத்து வீடு திரும்பிய பிறகு, மருத்துவமனையில் இருந்த பதினோரு நாளும் நான் எழுதிய குறிப்புகளைப் புரட்டினேன். நாங்கள் மறுத்ததற்காகச் செவிலியர் ஒருமுறையாவது முகம் சுளித்ததாக ஒரு வரி இல்லை. தன் வீட்டுக்காரர் என்றால் என்ன செய்திருப்பார் என்பதற்கும் ஒரு வரி இல்லை.