விழுந்தாலும் வலிக்காத தரை

காலை ஆறு மணிக்கு சேவியர் சாரின் எண்ணிலிருந்து போன் வந்தால் பேசுவது அவர் மனைவி ஜெசிந்தாவாகத்தான் இருக்கும். தன் போனை எங்கே வைத்தோம் என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. முந்தின நாள் மாலை திருச்சியில் நல்ல மழை. அதனால் நான் ஹலோகூடச் சொல்லாமல், "என்னடி, புல்லுல தண்ணி தேங்கித்தா, வடிஞ்சுடுத்தா?" என்று கேட்டேன். ஆனால் சேவியர் சார்தான், பக்கவாதத்துக்குப் பின் அவருக்கு வந்த அந்த மெதுவான குரலில், "டீச்சர், ஜெசி போயிட்டா" என்றார். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகர் வரை ஆட்டோவில் அழுதுகொண்டுதான் போனேன். காவிரிப் பாலத்தைப் பார்த்த நினைவுகூட இல்லை. ஆனால் அவள் வீட்டுக் கேட்டைத் திறந்ததும் என் கண் முதலில் போனது புல்தரைக்குத்தான். அத்தனை மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. தெருவே சேறாகக் கிடக்க, அங்கே மட்டும் பச்சைப் பசேலென்று புல் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஓடிப்போய் "வடிஞ்சுடுத்துடி!" என்று கத்த வாயெடுத்துவிட்டேன். சாவு வீட்டு வாசலில் இப்படியொரு சந்தோஷம் வந்ததற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவள் இருந்திருந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்திருப்பாள்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது, அடித்துவிட்டேன். எங்களோடு பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவள் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த முகம், பிரேயருக்கு வரிசை கோணினால் தலைமையாசிரியையைக்கூட அதட்டும் குரல். நான் தமிழ் டீச்சர். மழை விட்டால் என் வகுப்பு நேரத்தை அவளும், வெயில் கொளுத்தினால் அவள் நேரத்தை நானும் பறித்துக்கொள்வோம். அப்படிச் சண்டையில் தொடங்கிய சிநேகம் இது. அவள் ஓய்வு பெற்ற பிறகு நடத்திய பெரிய பந்தயம் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சேவியர் சார் ரயில்வேயில் இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்தன. சிகிச்சையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, தடியை ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் ஒருநாள் போர்ட்டிகோ டைல்ஸில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மனம்தான் முறிந்துபோனது. அதன்பிறகு படுக்கையறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னார், பிசியோதெரபிக்கு வருகிற பெண் கெஞ்சினாள், பங்குத்தந்தை வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எதற்கும் அவர் அசையவில்லை.

"விழுந்துடுவேன்னு பயப்படறார் வைதேகி. விழ மாட்டீங்கன்னு நான் பொய் சொல்லவா? விழத்தான் செய்வார்," என்றாள் ஜெசிந்தா. "அதனால விழுந்தாலும் வலிக்காத தரை ஒண்ணு போடப்போறேன். முன்னாடி இருக்கே இடம், அது முழுக்கப் புல்லு. மெத்து மெத்துன்னு."

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பும் செங்கல் தூளும் இறுகிப்போய்ப் பாறை மாதிரி கிடந்தது. அதன்மேல் படர்ந்திருந்தது நெருஞ்சி. சேவியர் சாருக்கு அந்த இடது காலில் உணர்ச்சி குறைவு, சர்க்கரையும் உண்டு. ஒரு நெருஞ்சி முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். "எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சாப் போறது," என்றேன் நான், பெரிய மேதாவியாட்டம். அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் ஊற்றினாள். நாங்கள் காபி குடித்து முடிக்கும் வரை அது அப்படியே நின்றது.

"பாத்தியா? தண்ணியே இறங்க மாட்டேங்குது, வேர் எப்படி இறங்கும்? தரை கெட்டியா, வெறுமையா கிடந்தா நெருஞ்சிதான் குடி வரும். களையைத் திட்டாதே, தரையைக் கவனி" என்றாள். பிற்பாடு அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வாசகம் இதுதான்.

மறுநாளே கடப்பாரையோடு இறங்கிவிட்டாள். ஆள் வைத்துக் கொத்தச் சொல்லி, அவர்கள் பக்கத்திலேயே தானும் கொத்தினாள். செங்கல் தூளை வாரி வெளியே கொட்டினாள். பள்ளமான இடத்தை நிரப்ப நல்ல மண் வேண்டுமே? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: லால்குடி வயல் மண். அங்கே எதைப் போட்டாலும் விளையும் என்பார்கள். அவளும் ஒரு டிப்பர் மண் இறக்கினாள். கறுப்பாக, கையில் எடுத்தால் பிசுபிசுவென்று, மழை வாசனையோடு இருந்தது. "அள்ளித் திங்கலாம் போல இருக்குடி!" என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

எதைப் போட்டாலும் விளையும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள் எதையும் போடுவதற்கு முன்பே விளைந்துவிட்டது. பார்த்த இடமெல்லாம் கோரை! நெல் வயலில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் களை அது. மண்ணோடு கிழங்கும் லாரி ஏறி வந்திருக்கிறது. ஜெசிந்தா வெறி பிடித்தவள் போலப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க அது கூடிக்கொண்டே போனது. படுக்கையறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சேவியர் சார், "ஜெசி, விட்டுடு. நான் இப்படியே இருந்துக்கறேன்," என்றார். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தேன். புல்லுக்காக அழவில்லை. 'இப்படியே இருந்துக்கறேன்' என்றாரே, அதற்காக.

களைக்கொல்லி அடிக்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். "அவர் வெறுங்கால் படற இடம். வேண்டாங்க," என்று வந்துவிட்டாள். நான் திரும்ப வீட்டுக்கு வந்து, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாளே போன். "உடனே கிளம்பி வா! கீழ ஒரு ஊரே இருக்கு!"

போய்ப் பார்த்தால் தோண்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு கோரைச் செடி. அதன் அடியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து நூல் போல ஒரு வேர், அந்த வேரின் முனையில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மேலே தழையைப் பிடுங்கினால் முதல் கிழங்குகூட வராது, உறங்கிக்கொண்டிருந்த மற்றவையும் விழித்துக்கொள்ளும். "இத்தனை நாளா நானே எல்லாத்தையும் எழுப்பி விட்டுட்டு இருந்திருக்கேன்!" என்று சிரிக்கிறாள். தோற்றதற்கான காரணம் பிடிபட்டதில் அவளுக்கு ஜெயித்த குஷி. முழு மண்ணையும் சலித்துக் கிழங்கை எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள். மணல் சலிக்கிற சல்லடையும் தயாராக நின்றது. சித்திரை மாதம், கத்திரி வெயில், ஒரு டிப்பர் மண்! எனக்கு மயக்கம் வந்தது.

கைப்பிடிக் கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் நாத்தனார் ருக்மிணி அதைப் பார்த்ததும் துள்ளிவிட்டாள். "கோரைக்கிழங்கா மன்னி? பச்சையா, புதுசாவா? எங்கேர்ந்து கிடைச்சுது?" அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நலங்குக்குக் குளியல் பொடி அரைக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது பழசு, வாசனையே இல்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாள். கிழங்கை நறுக்கி முகர்ந்து பார்த்து, "பெருமாளே, என்ன வாசனை!" என்றாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! ருக்மிணி தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு தில்லை நகரில் வந்து இறங்கினாள். ஜெசிந்தாவுக்கு வாய் காதுவரை போனது. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டாள். இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்தாள், ஆளுக்கு ஒரு பகுதி. "கிழங்கு உங்களுக்கு, மண்ணு எனக்கு. ஆனா ஒரு கிழங்குகூட விடக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றாள். ஒரு மாமி, "இவ்ளோ சின்னதா இருக்கே, இதை விட்டுடலாமா?" என்று கேட்க, "அதுதான் மாமி பொல்லாதது, எடுங்க!" என்று விசிலடித்தாள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து மோர் குடித்துவிட்டுக் கலைவோம். சில நாட்களில் பக்கத்துத் தெருப் பெண்களும் வந்துவிட்டார்கள். அந்தக் கோடையில் மண் முழுவதும் சலித்து முடிந்தது. ஜன்னலில் சேவியர் சார் சிரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

சலித்த மண்ணில் ஆற்று மணலும் நன்றாக மக்கிய சாணி உரமும் கலந்து, தண்ணீர் வடிய லேசான சரிவு வைத்துப் பரப்பினாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி முதல் மழைக்கு கணுவோடு நறுக்கிய அருகம்புல் கரணைகளை நெருக்கமாக நட்டாள். அது ஓடத் தொடங்கிய சமயம் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் அருகம்புல்லுக்கு அந்தக் கிறிஸ்தவ வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்! இல்லை என்று சொல்லவும் மனம் வராது, புல்லை மிதிக்க விடவும் மனம் வராது. "ஓரத்துல வெட்டித் தரேன், எடுத்துக்குங்க. ஆனா ஒரு பிடி அருகுக்கு ஒரு பிடி களை எடுத்துக் குடுத்துட்டுத்தான் போகணும்," என்றாள். பட்டு வேட்டியும் பட்டுப்புடவையுமாகக் குனிந்து எல்லோரும் களை பறித்த காட்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்புத் தாங்கவில்லை.

தினமும் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்பாள். "தினம் ஊட்டி விட்டா வேர் சோம்பேறி ஆயிடும். மண்ணு காயட்டும், அப்புறம் ஆழமா ஊத்து." ஒட்ட வெட்டவும் விட மாட்டாள். புல்லின் நிழல் மண்ணில் விழுந்தால் மிச்சம் மீதி கோரைகூடத் தலைதூக்காது என்பது அவள் கணக்கு. எங்காவது ஒன்று முளைத்தால் களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டி, கிழங்கைக் கையில் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். புல் வெட்டுகிற ஆளையும் அவள் நிம்மதியாக வெட்ட விட்டதில்லை. உயரம் சரியா என்று குனிந்து பார்த்துக்கொண்டே கூட நடப்பாள்.

தை மாதத்தில் ஒரு காலை. சேவியர் சாரைப் போர்ட்டிகோவின் விளிம்பு வரை அழைத்து வந்தோம். அதற்குமேல் அவர் நகரவில்லை. "ஜெசி, வேணாம்" என்றார். ஜெசிந்தா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு அடி ஓடிப்போய், அறுபது வயதைத் தாண்டிய அந்த மகராசி, தொப்பென்று பக்கவாட்டில் விழுந்தாள்! ஒரு புரளல் புரண்டு எழுந்து உட்கார்ந்து, "வைதேகி, நீயும் வா!" என்றாள். நானாவது, விழவாவது என்று நினைப்பதற்குள் விழுந்திருந்தேன். முழங்கால் வலி உள்ள என் உடம்புக்கு எங்கும் ஒரு சிராய்ப்பில்லை. இரண்டு கிழவிகள் புல்லில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, சேவியர் சார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். "ஜில்லுன்னு இருக்கு," என்றார். உணர்ச்சி குறைந்த அந்தக் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று முதல் தினமும் காலையில் நடந்தார். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விழுவதற்கென்றே தரை போட்ட ஜெசிந்தா, அவரை ஒருநாளும் விழ விட்டதில்லை. அவர் முழங்கைக்குப் பக்கத்தில் அவள் கை எப்போதும் தயாராக இருக்கும். "அவ்ளோ கஷ்டப்பட்டுப் போட்டியே, ஒரு தடவை விட்டுத்தான் பாரேன்," என்று கேலி செய்வேன். "போடி, உனக்கென்ன!" என்பாள். அதனால் அந்தத் தரை அவரைத் தாங்குமா என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அங்கே போனேன். அவர் மறுபடி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருப்பார் என்ற பயத்தோடுதான் கேட்டைத் திறந்தேன். புல்தரையின் நடுவில் தனியாக, வெறுங்காலோடு நின்றிருந்தார். வேட்டியில் இடுப்புவரை பச்சைக் கறை, முழங்கையில் ஈர மண். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "டீச்சர், இப்பத்தான் விழுந்தேன்!" என்றார். நான் பதறிப்போய் ஓடினேன். "யாரையும் கூப்பிடல. நானே எழுந்துட்டேன்," என்றார். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தத் தரையின் காவல். வாரம் ஒருமுறை களைக்கொத்தோடு போகிறேன், கோரை தலைகாட்டுகிறதா என்று குனிந்து தேடுகிறேன். சேவியர் சார் பக்கத்தில் நடக்கிறார். நான் அவர் கையைப் பிடிப்பதில்லை.