தின்னாத கருவாடு

ஆவுடைநாயகத்தின் கையில் ரச வாளியைக் கொடுத்தால் நானூறு இலையிலும் ஒரு சொட்டு வெளியே போகாது. திருநெல்வேலி நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். மெல்லிய கோடு போட்டுப் பழகிய கை. ஒவ்வொரு சித்திரைச் சதயத்துக்கும் தெருச் சைவ சபை நடத்தும் அப்பர் குருபூஜைப் பந்தியில், இருபத்திரண்டு வருடமாக ரசம் அவர் பொறுப்பு. சாப்பிடுகிறவர் சோற்றில் குழி பறிக்குமுன் கரண்டி வந்து நிற்கும். அலுவலகத்தில் பதவி உயர்வு எதுவும் வந்ததில்லை. இந்தப் பதவி போதும் என்றிருந்தார்.

1995 ஐப்பசியில் அந்தக் கைகளில் வெள்ளைச் செதிலாகப் படை கிளம்பியது. பாளையங்கோட்டைத் தோல் மருத்துவர் சங்கரி பார்த்தவுடன் சொன்னார்: சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது. சபைச் செயலாளரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான தாணுமாலையன் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

"ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும் வே. இலைக்கு முன்னால உக்காந்திருக்கவனுக்குத் தெரியணும்லா? குருபூஜைக்குள்ள குணமாக்கிட்டு வாரும். வாளி உமக்குத்தான்."

மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அலுவலக ஜீப் ஓட்டுநர் பெருமாள்ராஜ். அவருக்கு முழங்கையில் அதே வியாதி. இருவருக்கும் ஒரே மாத்திரை, வாரம் ஒரு முறை, சனிக்கிழமை. மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. மது மட்டும் கூடாது, சாப்பாட்டில் தடை ஏதுமில்லை என்றார் மருத்துவர்.

ஆவுடைநாயகம் அதை நம்பவில்லை. மீனும் கறியும் அவர்கள் வீட்டில் பேச்சுக்கே இல்லை. அதனால் கத்தரிக்காயை விட்டார், பிறகு புளியை, பிறகு தயிரை. விடுவதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது காப்பியை விட்டார். பெருமாள்ராஜ் எதையும் விடவில்லை. அவர் மனைவி முத்துராணிக்குப் புன்னக்காயல் கடற்கரைப் பக்கம். மதியம் டப்பாவைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டு வாசனை வரைபட அறை வரை போகும்.

தை பிறந்தபோது பெருமாள்ராஜின் முழங்கை வழுவழு என்றிருந்தது. ஆவுடைநாயகத்தின் கையில் செதில் இன்னும் கூடியிருந்தது.

"ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அவனுக்குக் கேக்குது, உமக்குக் கேக்கலைன்னா என்ன அர்த்தம்?" என்றார் தாணுமாலையன். "தினமும் அவன்கூட உக்காந்துல்லா மத்தியானம் சாப்பிடுதீரு."

"கருவாடு அவன் டப்பாவுலதான இருக்கு? அவனுக்குக் குணமாயிட்டே!"

"அது அவனுக்குப் பிறவியிலேயே பழகுன உடம்பு வே. நம்ம உடம்புக்கு ஒத்துக்கிடுமா?"

அவரும் கருவாடு தின்கிறார் என்ற சந்தேகத்தைத் தெரு ஏற்றுக்கொண்டது. வீட்டில் நீலாம்பாள் கணவரின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்க்கத் தொடங்கினார். பெருமாள்ராஜுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"தின்னாமலே பேரு வாங்கிட்டிய அண்ணாச்சி. ஒரு துண்டாவது தின்னுட்டு வாங்கியிருக்கலாம்."

"பைய பேசும் வே. அங்கன யாராவது கேக்கப் போறான்."

மாசியில் ஆவுடைநாயகம் மருத்துவரிடம் நேராகவே கேட்டார். நான் என்ன தப்புச் செய்தேன்?

"ஒரு தப்பும் இல்ல. ஒரே மாத்திரை ஒருத்தருக்குக் கேக்கும், இன்னொருத்தருக்குக் கேக்காது. அப்பா அம்மா குடுத்த உடம்போட அமைப்பு அப்படி. வெளிநாட்டுல இதை ரத்தத்துல தேடிக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு நம்மகிட்ட அதுக்குச் சோதனை கிடையாது. குடுத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"இதை ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்கம்மா."

அவர் அரசு ஊழியர். முத்திரை விழுந்த தாளை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை என்று நம்பினார். சங்கரி சிரித்துக்கொண்டே எழுதி முத்திரை குத்தினார்: 'இவருடைய உடல் இந்த மருந்துக்கு இணங்கவில்லை. இதற்கு உணவு காரணமல்ல.'

சபைக் கூட்டத்தில் தாணுமாலையன் அதை இரண்டு முறை, வகுப்பில் வாசிப்பதைப் போல, வாசித்தார்.

"நீரு தின்னலைன்னு டாக்டரம்மா எங்கன எழுதியிருக்கா? தின்னாலும் குத்தமில்லைன்னுல்லா எழுதியிருக்கா!"

அதுவரை சந்தேகமாக இருந்தது அன்றைக்கு முத்திரையோடு உறுதியாயிற்று. அந்தச் சித்திரையில் வாளி தபால் அலுவலகத்துக் குமரவேலிடம் போனது. ஆவுடைநாயகம் வரிசையில் உட்கார்ந்தார். ரசம் அவர் மடியில் விழுந்தது.

ஆடியில் மருத்துவர் சிகிச்சையை மாற்றினார். ஒரு மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து, அவர் சொல்லும் நிமிடக் கணக்குக்குக் கைகளை வெயிலில் காட்ட வேண்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். வாரத்தில் மூன்று நாள், அனுமதி வாங்கிக்கொண்டு அலுவலகம் தாமதமாகப் போனார். மொட்டை மாடியில் கைகளை நீட்டி அவர் நிற்பதைத் தெரு அண்ணாந்து பார்த்தது. திருநெல்வேலியில் வெயிலுக்குச் சீட்டு வாங்கி நின்ற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

இந்த மருந்துக்கு அந்த உடம்பு இணங்கியது. கார்த்திகையில் செதில் உதிர்ந்தது. தையில் கை கறுத்திருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. ஒருநாள் மாடியில் துணி காயப்போட வந்த நீலாம்பாள் நின்று அவரைப் பார்த்தார்.

"நீங்க தின்னிருக்க மாட்டிய" என்றார். "நான்தான் கோட்டி மாதிரி சட்டையை மோந்துக்கிட்டுக் கிடந்தேன்." அதன்பின் முகரவில்லை.

1997 சித்திரைச் சதயம். முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. தாணுமாலையன் ரச வாளியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆவுடைநாயகத்தின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீரா? அதை விட்டதும் கை தெளிஞ்சிட்டு. நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"நான் அதை..."

"அது போகட்டும். சபைக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிரும். விட்டாச்சா, இல்லையா?"

தின்னவே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் கூட்டம் கூடும். தாளைத் திரும்ப வாசிப்பார்கள். வாளி மறுபடியும் குமரவேலிடம் போகும். குமரவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். சாம்பார் முடிந்து, வரிசையில் தலைகள் ரசத்துக்குத் திரும்பின.

"விட்டாச்சு" என்றார் ஆவுடைநாயகம்.

"சத்தமா, வே."

"விட்டாச்சு!"

வாளி கைக்கு வந்தது. ஆண்கள் வரிசையை ஒரே மூச்சில் முடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெண்கள் வரிசையில் ஏழாவது இலை நீலாம்பாளுடையது. அவர் சோற்றில் குழி பறித்துவிட்டு, நிமிராமல் கேட்டார்.

"எத்தனை நாளா தின்னிய?"

கரண்டி ஒரு நொடி நின்றது. அடுத்த இலைக்காரி "இங்கன வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஆவுடைநாயகத்தின் ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.