வராத ரோட்டை வளைத்த கதை

போன சனிக்கிழமை என்னை ஒரு ஊரே பெரிய அதிகாரியாக்கிவிட்டது. நான் செய்ததெல்லாம் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றதுதான்.

மகள் நஸ்ரீன் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். கடைசி வருஷம். சர்வே பாடத்தில் ஏற்கெனவே ஒரு அரியர். இந்த முறை பிராக்டிகல் என்னவென்றால் — எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பொட்டல் காட்டில், வரவே போகாத ஒரு ரோட்டுக்கு இடம் அளந்து, முளைக்குச்சி அடித்து, வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். வளைவு குறையக் குறைய மார்க் கூடும்.

குழுவில் பாதிப் பேர் தீபாவளி சீசன் என்று சொந்தக்காரர் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றப் போய்விட்டார்கள். மிஞ்சியது நஸ்ரீனும் அவள் தோழியும். “அத்தா, நீங்க குடை மட்டும் பிடிங்க, போதும்” என்று என்னை இழுத்துப் போனாள். வெயில் படக்கூடாதாம்... எனக்கில்லை, அளக்கிற கருவிக்கு. அதன் விலையைக் கேட்ட பிறகு நான் ரோஷப்படவில்லை.

இரண்டு பெண்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள். நரைத்த தலையோடு ஒருவன் மட்டும் எந்த வேலையும் செய்யாமல் நிற்கிறான். அவன் யாராக இருக்கும்? நம் நாட்டில் இதற்கு ஒரே பதில்தான்.

குச்சி வரிசை நேராகப் போய், பாதி கட்டிய ஒரு வீட்டு வாசலில் முட்டியது. உள்ளேயிருந்து ஒரு அம்மா செம்பும் கையுமாக வந்தார். பெயர் ஜெயசீலி. சாத்தூரில் நர்ஸ்.

“சார், மோர் சாப்பிடுறீகளா?”

குடித்தேன். பிறகுதான் விஷயம் வந்தது.

“ரோடு எம்புட்டு அகலம் சார்?”

“ரோடெல்லாம் வரலைம்மா. பிள்ளைக படிப்புக்கு அளக்குதுக.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான சொல்லுவாக” என்றார். “நாளைக்கு மேல்தளம் கான்கிரீட். சென்ட்ரிங் அடிச்சு, கம்பியும் கட்டியாச்சு. இப்பத்தான் மேஸ்திரிக்கு போன் போட்டு வர வேணாம்னுட்டேன். இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு சார் கான்கிரீட்டு?”

நைட் டூட்டி பார்த்துப் பார்த்துக் கட்டுகிற வீடு. யாரோ மார்க் வாங்க அடித்த குச்சி அதை நிறுத்திவிட்டது.

நஸ்ரீன் தன் ஐடி கார்டைக் காட்டினாள். பாடப் புத்தகத்தைக் காட்டினாள். ஜெயசீலி எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா சார்?” என்றார்.

கடைசியில் வாத்தியாருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “அம்மா, அங்க ரோடே வராது” என்று அவர் அடித்துச் சொன்னார்.

ஜெயசீலி என் காதருகே வந்து, “மேலிடத்துலயும் அதையேதான் சொல்லச் சொல்லியிருக்காக போல” என்றார்.

உண்மைக்கு இந்தக் காலத்தில் இவ்வளவுதான் மரியாதை. சொல்பவர் எண்ணிக்கை கூடக் கூட சந்தேகமும் கூடுகிறது.

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். “வளைச்சா மார்க் போயிரும் அத்தா” என்றாள். போய், வீட்டுக்கு எதிரே இருந்த குச்சிகளைப் பிடுங்கினாள். மேற்கே தள்ளி அடித்தாள். ஜெயசீலி முகத்தில் அப்படியொரு நிம்மதி. அங்கேயே நின்று போன் போட்டார். “மேஸ்திரியண்ணே, ரோடு அங்கிட்டுப் போயிருச்சு. காலையில ஆளோட வந்துருங்க.”

நிம்மதியாக மூச்சு விட்டோமா? மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் மேனேஜர் டூவீலரில் கிப்ட் பாக்ஸோடு வந்து இறங்கினார். “ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இவ்வளவு தூரம் வேணும்னு ரூல் இருக்கு சார். ரோடு கிட்ட வந்தா லைசென்ஸ் போயிரும்” என்றார். இவருக்கு விளக்கிப் பயனில்லை என்று இப்போது எங்களுக்கே தெரிந்திருந்தது. குச்சியைப் பிடுங்கினோம். கிப்ட் பாக்ஸை மட்டும் நான் கறாராக மறுத்துவிட்டேன். அதிகாரி என்றால் கொஞ்சம் நேர்மை வேண்டாமா?

சாயங்காலம் பார்த்தால், வராத ரோடு யார் மனசும் நோகாமல் நெளிந்து நெளிந்து போயிருந்தது. காரில் திரும்பும்போது, எங்கள் ஊர் ரோட்டில் காரணமே இல்லாமல் வருகிற திருப்பங்களை முதல்முறையாகப் புரிதலோடு பார்த்தேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாராவது மோர் கொடுத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை வாத்தியார் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “ஏம்மா இத்தனை வளைவு?”

“ஆளுக இருக்காக சார்.”

அவர் வளைவுக்கெல்லாம் மார்க்கைக் குறைத்து, பாஸ் மட்டும் போட்டுவிட்டு, “வேலைக்குப் போனா பொழச்சுக்குவ” என்றாராம். அது பாராட்டா, திட்டா? வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறது.

அன்றைக்கே என் நம்பரை வாங்கி வைத்திருந்த ஜெயசீலி நேற்று போன் செய்தார். கான்கிரீட் நல்லபடியாக முடிந்ததாம். நிஜமாகவே மனசு குளிர்ந்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“சார்... முன் ரூமைக் கடைக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு யோசனை. அந்த ரோட்டைக் கொஞ்சம் இங்கிட்டு, பக்கத்துல கொண்டாந்தீகன்னா நல்லாருக்கும்.”

“மனு எழுதிக் குடுங்கம்மா, பார்ப்போம்” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.