மின்னாத சீரியல் செட்

மந்தைவெளி வீட்டு வராந்தாவில் அத்தை ஒரு பிளக்கைப் பிடுங்குவாள், மறுபடி சொருகுவாள். பிடுங்குவாள், சொருகுவாள். மதிலுக்கு அப்பாலிருந்து பார்ப்பவர்களுக்கு அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனது எனக்குத்தான். முந்தைய கிறிஸ்துமஸுக்கு வாசலில் மின்னிக்கொண்டிருந்த சீரியல் விளக்குகளைப் பார்த்தபடி நின்றவள், வலிப்பு வந்து விழுந்தேன். விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் எனக்கு ஆகாது என்றார் டாக்டர். அப்பா எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போட்டார். "இனிமே இந்த வீட்ல ஸ்டாரும் வேணாம், லைட்டும் வேணாம்." அடுத்த டிசம்பர் வந்தது. சர்ச்சுக்கு வரும் எல்லோர் வீட்டிலும் விளக்கு, எங்கள் வீடு மட்டும் இருட்டு. காரணம் நான். எட்டு வயதில் அது பெரிய பாரம். யாரிடமும் சொல்லவில்லை. எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை, என் அத்தை, அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

மின்னாத சீரியல் செட் வாங்காமல் விடுவதில்லை என்று தி. நகருக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு கடைக்காரர் சொன்னதைப் பல வருஷம் எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்: "இன்னாக்கா, மின்னாத செட்டா? அதுக்கு ஒரு டியூப்லைட்டு வாங்கிக்கினு போங்களேன்!" ஆனாலும் அவரே ஒரு செட்டின் பட்டனை அழுத்தி அழுத்தி, நிலையாக எரியும் இடத்தில் நிறுத்திக் கொடுத்தார். அத்தை ஜெயித்த முகத்தோடு வந்து வராந்தாவில் சொருகினாள். அது ஜோராகக் கண் சிமிட்டியது. நல்லவேளை, நான் உள்ளே இருந்தேன். பட்டனை அழுத்தி நிறுத்தினாலும், கரண்ட் போய் வந்தால் அது பழைய குணத்துக்குத் திரும்பிவிடுமாம். நம் ஊரில் கரண்ட் போய் வருவதை யார் தடுக்க முடியும்? "இதுக்குதான் சொன்னேன்" என்றார் அப்பா. "நீங்க சொல்லிக்கிட்டே இருங்கண்ணா" என்று அத்தை பையை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினாள்.

அதன் பிறகு எந்தக் கடையிலும் அவள் அழகைப் பார்க்கவில்லை. சொருகுங்க, புடுங்குங்க, மறுபடி சொருகுங்க, அவ்வளவுதான். கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். கடைசியில் பட்டனே இல்லாத ஒரு மஞ்சள் விளக்குச் சரம் அகப்பட்டது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. அதைத் தோட்டத்துக் கொய்யா மரத்தில் அடியிலிருந்து கிளைவரை சுற்றினாள். மழை படாமல் பிளக்கை வராந்தாவுக்குள் கொண்டுவந்தாள். அப்புறம் நாள் முழுக்கப் பிடுங்கலும் சொருகலும்தான், அப்பாவின் கண்ணெதிரே, அவர் நம்பும்வரை.

அவர் நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. மரத்தைப் பார்த்தபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போனது. அப்பா ஓடிவந்து என் கண்களைப் பொத்தினார். கரண்ட் வந்தபோது விரலிடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அது துடிக்கவில்லை. "கைய எடுங்கண்ணா" என்றாள் அத்தை. "கொழந்த பாக்கட்டும்." அப்பா உடனே எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். மழையில் நனைந்த கொய்யா மரம் வெளிச்சமாக, அசையாமல் நின்றது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

எனக்கு வலிப்பு நின்று பல வருஷமாகிறது. மாத்திரையும் கிடையாது. அத்தையும் இல்லை. போன வாரம் அடையாறில், என் ஃபிளாட் பால்கனிக்கு விளக்கு வாங்கப் போனேன். விதவிதமாக மின்னும் என்று கடைக்காரர் ஒன்றைப் பெருமையாக நீட்டினார். எனக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் எதிர் பிளாக்கில் எந்தப் பிள்ளை ஜன்னலோரம் நிற்கிறதோ, அதன் கண்ணைப் பொத்த எந்த அப்பா ஓடி வருவாரோ, யார் கண்டது?

"மின்னாதது குடுங்க" என்றேன். வேறொன்றை எடுத்துச் சொருகினார். நிலையாக எரிந்தது.

"புடுங்குங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே பிடுங்கினார்.

"மறுபடி சொருகுங்க."