குட்டைக்கு ஆதரவாக ஒரு கையெழுத்து

ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், நாம் கேட்க வந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சோப்புத் தூள் விற்றிருந்தாலும் சரி, ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருந்தாலும் சரி, நாமெல்லாம் ஒரே படகில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். தொண்ணூறுகளின் நடுவில், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு மயிலாப்பூரில் வீட்டோடு இருந்த எனக்கு, தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன ஆபீஸில் தற்காலிக வேலை கிடைத்தது. அரசாங்கம் ஒரு பகுதிக்குத் திட்டம் போட்டால், அங்கே குடியிருப்பவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் பிழைப்பு.

என் தலையில் விழுந்தது அடையாறில் ஒரு குட்டை. மழை பெய்தால் சுற்றியிருந்த தெருக்களின் தண்ணீரெல்லாம் அதில்தான் போய் விழும். கோரை மண்டிக் கிடக்கும். இடித்த வீட்டின் செங்கல், கிழிந்த மெத்தை, கல்யாண வீட்டு எச்சில் இலை எல்லாம் அங்கேதான் போகும். அதைத் தூர்க்காமல், குப்பையை மட்டும் அள்ளிவிட்டு, தண்ணீரும் மீனும் பறவையும் தங்கும்படி விட்டுவிடலாம் என்றது வரைவுத் திட்டம். எதிர்ப்பு அதிகமாக இருந்தால் திட்டத்திலிருந்து அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் மறுநாளே மண் லாரி வந்து நிற்கும். குட்டையில் பாதி தன்னுடையது என்று பத்திரம் வைத்துக்கொண்டு ஒரு கட்டடக் கம்பெனி காத்திருந்தது.

முதல் நாள் நான் போய்ப் பார்த்தபோது, காலி சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நீலத் தாழைக்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனது. அன்றைக்கே எனக்கு அந்தக் குட்டையின் மேல் பாசம் வந்துவிட்டது. கருத்துக் கேட்பவளுக்குச் சொந்தக் கருத்து இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

பச்சைப் பெயிண்ட்

முதலில் ஒரு சமூகக் கூடத்தில் மேஜை போட்டு, அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நானும், என்னோடு வேலை பார்த்த ராயப்பேட்டை மன்சூரும். வந்தவர்கள் எல்லாரும் செய்த முதல் காரியம், வரைபடத்தில் தங்கள் வீட்டைத் தேடியது. கண்டுபிடித்ததும் அதன் மேல் விரலை வைத்துக்கொள்வார்கள். எடுக்க மாட்டார்கள். எடுத்தால் வீடு போய்விடும் என்று பயமோ என்னவோ. குட்டை எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடத் தேடவில்லை.

வரைபடத்தில் குட்டைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. பச்சை என்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று இரண்டாம் நாளே தெருவெல்லாம் பேச்சு. பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டின் மேல் விரலை ஊன்றிக்கொண்டு, பச்சை தன் காம்பவுண்டுச் சுவரைத் தொடுகிறது என்றார். "சார், அது குட்டைதான். உங்கள் வீட்டை யாரும் தொட மாட்டார்கள்" என்று தொண்டை வறளச் சொன்னேன். பூதக்கண்ணாடி கொண்டுவந்து பார்த்தார். மறுபடியும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "அந்தப் பச்சையை அப்படியே எதிர்சாரிக்குத் தள்ளிப் பூசிடுங்கோ. அவாளோட எங்களுக்கு எப்படியும் பேச்சு கிடையாது."

தானாக வந்த மீன்

மேஜைக்கு வராதவர்களைத் தேடி வீடு வீடாகப் போனோம். குட்டையைப் பார்த்த மாதிரி ஒரு மாடி வீடு. அந்த வீட்டு அம்மாளுக்குக் கொசுத் தொல்லை. குட்டையை உடனே மூட வேண்டும் என்று எழுதித் தயாராக வைத்திருந்தார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, மூடியில்லாத சிமெண்ட் தொட்டியில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. கொசுப்புழு அதில் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. நான் தொட்டியைப் பார்த்தேன். அந்த அம்மாளும் பார்த்தார். இருவரும் நாகரிகமாகப் பேச்சைத் தொடர்ந்தோம்.

குட்டையை மூடிவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டேன். செயற்கை நீரூற்று வைத்த பூங்கா வேண்டுமாம். நீரூற்றிலும் தண்ணீர் நிற்குமே, கொசு வராதா என்றேன். அதில் மீன் விடுவார்கள், மீன் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "குட்டையிலேயே மீன் இருக்கிறதே, நானே பார்த்தேன்!" என்றேன். அவர் என்னை விவரம் தெரியாத பெண்ணாகப் பார்த்தார். "அது யாரும் விட்ட மீன் இல்லையேம்மா. தானா வந்தது. தானா வந்ததையெல்லாம் எப்படி நம்பறது?"

எருமையின் அந்தஸ்து

அந்தப் பக்கத்தில் அப்போது கோதண்டம் என்ற பால்காரர் எருமை வைத்திருந்தார். மத்தியானம் ஆனால் அவருடைய எருமைகள் குட்டையில் இறங்கி, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இவராவது குட்டை வேண்டும் என்பார் என்று நம்பிக்கையோடு போனேன். திட்டத்தில் 'கால்நடை நடமாட்டம் தவிர்க்கப்படும்' என்று ஒரு வரி இருந்ததை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

"இன்னா மேடம் இது?" என்று ஆரம்பித்தார். அவர் கையில் பால் கேன் இருந்ததால் ஒரு பாதுகாப்பான தூரத்தில் நின்று பதில் சொன்னேன். பறவைகள் கூடு கட்டும் இடம், மாடு மிதித்தால் முட்டை உடையும், ஒரு ஓரமாக எருமைக்கு இடம் விடச் சொல்லி நானே எழுதுகிறேன் என்றெல்லாம் கெஞ்சினேன். அவர் சமாதானம் ஆகவில்லை. நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்கேர்ந்தோ வர்ற கொக்கு வந்து குந்திக்கினா இயற்கைன்றீங்கோ. இங்கியே பொறந்து இங்கியே கெடக்கற என் எருமை குந்திக்கினா மட்டும் அசிங்கம்ன்றீங்கோ. இன்னா நாயம் இது?"

வந்து குவிந்த ஆட்சேபனைகள்

எங்கள் ஆபீஸின் தலைவர் வரதராஜன் சார். நல்ல மனிதர், எதையும் தராசுத் தட்டில் நிறுத்துப் பார்க்கிறவர். வந்த கடுதாசிகளை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார். எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். ஒன்று தெரு நாயைப் பற்றி. ஒன்று கேபிள் டி.வி.க்காரன் மாட்ச் நடக்கும்போது லைனைப் பிடுங்கிவிடுகிறான் என்று. இன்னொருவர், பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலிருந்து கம்பளிப்பூச்சி தன் கொல்லைக்கு வருகிறது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். குட்டையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் எழுதிய அத்தனை பேரும் எதிர்ப்பு.

"சார், முருங்கை மரத்துக்கும் குட்டைக்கும் என்ன சம்பந்தம்? இதை எப்படி எதிர்ப்பில் சேர்க்கலாம்?" என்று சண்டை பிடித்தேன். கீழே கடைக்குள் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் போட்ட இரைச்சலில் நான் கத்தியது அவருக்குச் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கும். அவர் சொன்ன பதில் இது: "அவர் எதையோ எதிர்த்திருக்கார் இல்லையா? எதிர்ப்புன்னே போடு. உன் குட்டை பிழைக்கணும்னா, வேணும்னு நாலு பேர் கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணு கொண்டு வா."

மூன்றாவது கையெழுத்து

நாலு கையெழுத்துதானே என்று கிளம்பினேன். குட்டை வேண்டும் என்று வாயால் சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருந்தார்கள். கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஒருவர் முதல் ஆள். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, குட்டை நிரம்பினால்தான் தெருக் கிணறுகளில் தண்ணீர் ஊறும், தூர்த்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று அழகாக எடுத்துச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடுதாசியை நீட்டினேன். பேனாவைத் திறந்தவர், காகிதம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். முதல் பெயர் தன்னுடையதாக இருந்தால், தான்தான் தூண்டிவிடுகிறோம் என்று தெருவில் பேசுவார்களாம்.

எதிர் வீட்டில் வயலின் சொல்லிக் கொடுக்கும் மாமி இருந்தார். அவருக்கும் குட்டை வேண்டும். ஆனால் புரொபசர் போடாமல் தான் போட்டால் நன்றாக இருக்காதாம். அடுத்த வீட்டுக்காரருக்கு முதலில் மாமி போட வேண்டும். நானும் மன்சூரும் வெயிலில் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடையாய் நடந்தோம். மன்சூர் தன் பெயரை எழுதிவிடலாமா என்றுகூடக் கேட்டான். ராயப்பேட்டைக்காரன் கையெழுத்து செல்லாது. சாயங்காலம் திரும்பவும் பேராசிரியர் வீட்டுக்கே போய் நின்றபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவருக்கு என் மேல் உண்மையிலேயே இரக்கம். வாசல் வரை வந்து தோளைத் தட்டிச் சொன்னார்: "வேணும்னா மூணாவதா போடறேம்மா. முதல் ரெண்டை மட்டும் எப்படியாவது வாங்கிண்டு வந்துடு."

கை தூக்கியவர்கள்

கடைசியாகப் பொதுக்கூட்டம். அதே சமூகக் கூடம், வாடகை நாற்காலி, மெதுவடை. இங்கே வேண்டாம் என்று முடிவானால் குட்டை அவ்வளவுதான். வரதராஜன் சார் திட்டத்தைப் படித்தார். முடிப்பதற்குள் மாடி வீட்டு அம்மாள் கொசுவைப் பற்றிப் பேசினார், கோதண்டம் எருமையைப் பற்றிப் பேசினார், பாங்க் மேனேஜர் பச்சையைப் பற்றிப் பேசினார். திட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் கூடம் முழுக்கக் கைகள். பேராசிரியர் மட்டும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கையைப் பாதி தூக்கி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். நான் வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது கட்டடக் கம்பெனி ஆள் எழுந்தார். சிரித்த முகம். எல்லாருக்கும் நன்றி சொன்னார். அப்படியானால் குட்டையை மூடிவிட்டு ஐந்து மாடியில் ஃபிளாட் கட்டுகிறோம் என்று ஒரு வண்ணப் படத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! ஐந்து மாடியா? போர் போட்டுத் தண்ணீரை உறிஞ்சிவிடுவான். சாக்கடை எங்கே போகும்? மாடி வீட்டு அம்மாளின் வற்றலுக்கு வெயில் வராது. எருமைகள் எங்கே போகும்? எதிர்சாரியோடு பேசாத பாங்க் மேனேஜர் எதிர்சாரிக்காரரோடு சேர்ந்து நின்று கத்தினார். ஃபிளாட் வேண்டாம் என்று மறுபடி எல்லாக் கைகளும் உயர்ந்தன, இந்த முறை பேராசிரியருடையதும். பூங்கா என்றார் ஒருவர்; காதலர்கள் வருவார்கள், வேண்டாம். விளையாட்டு மைதானம், ஜன்னல் கண்ணாடி உடையும், வேண்டாம். கோயில்; எந்தச் சாமி என்பதிலேயே கைகலப்பு வரப் பார்த்தது. மணி ஆகிவிட்டது, ஹாலைப் பூட்ட வேண்டும். பொதுமக்களின் கருத்து என்று என்னதான் எழுதுவது என்று வரதராஜன் சார் பரிதாபமாகக் கேட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே பாங்க் மேனேஜர் சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்: "ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மழைக்குப் பிறகு

அப்படியே இருந்தது. கம்பெனி மேலும் கீழும் நடந்து பார்த்தது. கூட்டத்தில் போட்ட முடிவைக் காட்டி அரசாங்கம் அனுமதி தரவில்லை. ஐப்பசியில் மழை கொட்டியபோது தெருத் தண்ணீரெல்லாம் வழக்கம் போலக் குட்டைக்குள் போய் விழுந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. வராத தண்ணீரைப் பற்றி எவர் கடுதாசி எழுதுவார்? என் வேலை முடிந்து போயிருந்தது. ஒரு பழக்கத்தில் அந்தப் பக்கம் போய் நின்று, கரை வரை தளும்பிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு நிறைந்திருந்தது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குடையோடு வயலின் மாமி. நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, அடக்கமாக மறுப்பதற்குத் தயாரானேன்.

"நல்ல வேளை, நீயே வந்தே. ராத்திரி முழுக்க ஒரே தவளைக் கத்தல், சுருதியும் சேரலை. இதுக்கு ஆட்சேபனை யார்கிட்டம்மா கொடுக்கணும்?"

எதற்குமே ஒப்புக்கொள்ளாத இந்த ஜனங்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு தவளைக்குக்கூட இடம் மிஞ்சியிருக்காது என்பதை, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் ஒப்புக்கொள்கிறேன்.