மின்விசிறியைப் பார்த்து யோசித்தவர்கள்

கல்லூரியின் இயந்திரவியல் துறையில் அந்தப் பேராசிரியரை 'யோசி சார்' என்பார்கள். எதைக் கேட்டாலும் "யோசி" என்பார். வீட்டில் மனைவி, "இன்னிக்கு என்ன சமைக்கிறது?" என்று கேட்டதற்கும் அதையே சொல்லித் தொலைத்தார். அன்று அடுப்பு எரியவில்லை.

பாடம் ஒப்பிக்கும் வகுப்பு ஒன்றை, செய்து கற்கும் புராஜெக்ட் வகுப்பாக மாற்றச் சொல்லி முதல்வரிடம் மன்றாடியவர் இவர்தான். முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த பேட்ச் ரிவ்யூவுல சொதப்பினா, பழையபடி போர்டும் சாக்பீஸும்தான்."

மாணவர்களுக்குக் கொடுத்த வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஆய்வகக் கதவு தானாக மூடாது, மூட வைக்கவேண்டும்.

"சார், இதுக்கு மாடல் ஆன்சர் இருக்கா?"

"கதவுக்கு ஏதுப்பா மாடல் ஆன்சர்? யோசி."

"எத்தனை பக்கத்துக்கு சார் யோசிக்கணும்?"

யோசி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை வேறெங்கும் போய்விடாமலிருக்க அவர் கண்டுபிடித்த உபாயம் அது.

கதவுக்கு ஸ்பிரிங் மாட்டுவதென்று மாணவர்கள் முடிவு செய்தார்கள். ஒருநாள், "எடையைத் தொங்கவிடாம ஏன் ஸ்பிரிங்?" என்று கேட்டார். ஒருவன் திருதிருவென்று விழித்து, மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "ம்ம்..." என்று இழுத்து, "எடை அறுந்தா போறவங்க கால்ல விழும் சார்" என்றான்.

"பாத்தீங்களா! இதுக்குப் பேர்தான் யோசிக்கிறது!" என்று துள்ளினார் யோசி சார். அவர் செய்த பிழை அது ஒன்றுதான். வகுப்பு முழுவதும் அதைக் கவனமாக மனப்பாடம் செய்துகொண்டது.

ரிவ்யூ ஆய்வகத்திலேயே நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "ஏன் ஸ்பிரிங்?" என்றார். முதல் மாணவி மின்விசிறியைப் பார்த்தாள். "ம்ம்... கால்ல விழும் சார்." அடுத்தவனும் பார்த்தான். "ம்ம்... கால்ல விழும் சார்." மூன்றாமவன் தலைக்கு மேல் மின்விசிறி இல்லை, கழுத்தைத் திருப்பித் தேடிப் பிடித்துவிட்டுத்தான் "ம்ம்..." என்றான்.

யோசி சாருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலாம் போலிருந்தது. தேர்வாளரோ உருகிவிட்டார். "அடடா, எவ்வளவு நிதானம்! பசங்க யோசிச்சுப் பேசறாங்க சார்!"

கூடவே வந்திருந்த முதல்வர் நெஞ்சை நிமிர்த்தினார். "அடுத்த வருஷம் எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் இதையே கொண்டு வந்துடலாம்."

வகுப்பு பிழைத்தது. முதல்வரும் தேர்வாளரும் விடைபெற்று வராந்தாவில் இறங்கினார்கள். அப்போது கடைசி வரிசைப் பெண், எந்த மின்விசிறியையும் நாடாமல், கதவையே வெறித்தபடி உரக்கக் கேட்டாள்: "சார், ஸ்பிரிங்தான் மாட்டியாச்சே, கதவு ஏன் இன்னும் ஆன்னு திறந்தே கிடக்கு?"

இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் அவர் இத்தனை காலம் தொண்டை வறளக் கத்தியது.

"மெதுவா பேசும்மா," என்று பல்லைக் கடித்தார் யோசி சார். "அவங்க கார்ல ஏறட்டும்."

பிறகு, வராந்தாவிலிருந்து யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கதவைத் தானே இழுத்து மூடினார்.