நிதியமைச்சருக்கு ஓர் அர்ச்சனை

மெல்பன் கேரம் டவுன்ஸ் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து அன்ரியின் கையில் தேங்காய்த் தட்டு இருக்கிறது. ஐயர் பெயர் கேட்டதும் அன்ரி ஒரு வியட்நாமியப் பெயரைச் சொல்கிறார்.

“நட்சத்திரம்?”

அன்ரி தடுமாறி என் பக்கம் திரும்புகிறார். “எனக்கு விசா எடுத்துத் தந்த லோயர், தம்பி. அவரும் அகதியா வந்தவர்தான். ஸ்பிரிங்வேலில பேக்கரிக்கு மேல ஆபீஸ் வைச்சிருந்தவர், இப்ப மாநிலத்துக்கே ட்ரெஷரர், நிதியமைச்சர். இண்டைக்குத் தன்ர முதல் பட்ஜெட்டை வாசிக்கிறார்.”

“நல்லாவே வாசிப்பார், பயப்படாதீங்க.”

“நான் சமைக்கிற ஆஸ்பத்திரிக் குசினியை மூடப்போகினமாம். அதையும் அவர்தானே வாசிக்கவேணும்?”

பின்னால் வரிசை நீள்கிறது. ஐயர் மறுபடியும் நட்சத்திரம் கேட்கிறார்.

“என்ர பரணியையே சொல்லுங்கோ ஐயா. இண்டைக்கு என்ர பலன் அவற்ர வாயிலதான் கிடக்கு.”